பழைய 12 போர் குதிரைத் துப்பாக்கிக்குப் புதுக் கட்டை: எந்த மரம், யாரிடம், எப்படிப் பொருத்துவது?

கவுண்டின்யா:

வணக்கம். குடியாத்தத்தில் எங்கள் வீட்டில் ஒரு 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி இருக்கிறது. வெளியே இரண்டு குதிரை (தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்தி) உள்ள பழைய மாடல், பர்மிங்காம் முத்திரை. குழலில் நெளிநெளியாக டமாஸ்கஸ் கோலம் தெரிகிறது. குழலின் அடிப்பட்டையில் "நாட் ஃபார் பால்" என்று பொறித்திருக்கிறது. லைசென்ஸ் முறைப்படி என் பெயருக்கு மாறிவிட்டது. பழைய புத்தகத்தில் வட ஆற்காடு மாவட்டம் என்றே இருந்தது.

இரும்பெல்லாம் நன்றாக இருக்கிறது. தோளில் அணைக்கும் மரக் கட்டைதான் போய்விட்டது. கைபிடிக்கும் கழுத்தில் குறுக்குச் சாய்வாக முறிவு. யாரோ பித்தளைத் தகடு சுற்றி நாலு மர ஸ்க்ரூ அடித்திருக்கிறார்கள். ஆக்‌ஷனை (குழல் வந்து பூட்டும் இரும்பு உடல்) ஒட்டிய தலைப்பகுதி கன்னங்கரேலென்று இருக்கிறது, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது. தோள் தகட்டைக் கழற்றினால் உள்ளே கரையான் மண். முன்கட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒட்டிச் சமாளிக்கலாமா, புதிதாகவே செய்ய வேண்டுமா? செய்தால் எந்த மரம்? பழைய வீட்டு உத்தரத்துத் தேக்கு ஒன்று கைவசம் உண்டு. நல்ல ஆசாரி ஒருவர் இருக்கிறார், துப்பாக்கியை அவரிடம் ஒரு மாதம் விட்டுவிட்டு வரலாமா? சுவரில் மாட்டும் பொம்மையாக ஆக்க விருப்பமில்லை. பொருந்தி நிற்க வேண்டும்.

பட்டாசிட்டா:

கடைசிக் கேள்விக்கு முதலில். விடக்கூடாது. ஒரு மாதம் என்ன, ஒரு ராத்திரிகூடக் கூடாது.

1959-ஆம் வருட ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவில் செய்தல், விற்றல் மட்டுமில்லை, பழுதுபார்த்தலும் இருக்கிறது. அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும். "மரம்தானே" என்று ஆசாரி நினைக்கலாம். அவர் பட்டறையில் குழலும் ஆக்‌ஷனும் கிடந்தால் வழக்கு அவர் மேலும் வரும், உங்கள் மேலும் வரும்.

"பழங்காலத்துப் பொருள், சட்டம் இதற்குச் செல்லாது" என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். 45-ஆம் பிரிவு (சி) விலக்குக் கொடுப்பது, பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாத ஆயுதத்துக்கு. உங்களுடையது இரும்பு நல்ல நிலையில் இருப்பது. கட்டை இல்லாவிட்டாலும் அது ஆயுதம்தான்.

ஆகவே வழி இது. பழுதுபார்க்கும் லைசென்ஸ் உள்ள ஆர்ம்ஸ் டீலரைப் பிடியுங்கள். துப்பாக்கியை அங்கே ஒப்படைத்து, எண் குறிப்பிட்ட ரசீது வாங்குங்கள். உங்கள் ஆசாரி அட்டை மாதிரியை வைத்து வெளி உருவத்தை மட்டும் முரட்டாக வெட்டிக் கொடுக்கலாமா என்பதை டீலரிடமும் கலெக்டர் ஆபீஸில் ஆயுத உரிமம் பார்க்கும் பிரிவிலும் எழுத்திலேயே கேட்டு வையுங்கள். இரும்போடு மரம் சேரும் வேலை முழுவதும் டீலரின் கூரைக்குள் நடக்கட்டும்.

2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. குடியாத்தம் வேலூரிலேயே இருப்பதால் உங்களுக்குக் கவலையில்லை. வாணியம்பாடி, ஆம்பூர்க்காரர்கள் திருப்பத்தூர் கலெக்டரிடமும், ஆற்காடு, அரக்கோணத்துக்காரர்கள் ராணிப்பேட்டையிலும் போய்க் கேட்க வேண்டும். அதே 2019-இல் வந்த திருத்தத்தின்படி ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிதான், பரம்பரையாக வந்ததும் அந்தக் கணக்கில் சேரும்.

இருகுழல்:

"நாட் ஃபார் பால்" ஒன்றே வயதைச் சொல்லிவிடுகிறது. பர்மிங்காம் சோதனைச் சாலை 1875 முதல் 1887 வரைதான் அந்த முத்திரையைப் போட்டது. வாய் சற்றுக் குறுகலாகக் கடைந்த சோக் குழல், அதில் ஒற்றை உருண்டைக் குண்டு போட்டுச் சுடாதே என்று அர்த்தம். கருமருந்துக் காலத்துப் பொருள். பின்னாளில் யாராவது மறுசோதனைக்கு அனுப்பியிருந்தால் ஒழிய இன்றைய புகையில்லா மருந்துக்குச் சோதித்த குழல் இல்லை. கிரீடத்துக்குக் கீழே "என்பி" என்ற இரண்டு எழுத்து இருக்கிறதா பாருங்கள், 1904 விதிகளில் வந்த நைட்ரோ, அதாவது புகையில்லா மருந்துச் சோதனை முத்திரை அது. இல்லையென்றால் கடையில் கிடைக்கும் தோட்டாவை இதில் போடவே வேண்டாம். குழலில் தோட்டா உட்காரும் அறையும் 65 மி.மீ. தோட்டாவுக்கு வெட்டியதாகத்தான் இருக்கும். 70 மி.மீ. தோட்டா உள்ளே போய்விடும், வாயைத் திறந்துகொள்ள இடமில்லாமல் அழுத்தம் ஏறும். கழுத்து முறிந்ததற்கே அது ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொரு காரணம் உங்கள் வர்ணனையிலேயே இருக்கிறது. தலை கருத்து, நகம் இறங்குகிறது என்றீர்கள். எண்ணெய் போட்டுப் போட்டுக் குழல் மேலாக நிற்க வைத்தால் நடப்பது அதுதான். குழலுக்கு விட்ட எண்ணெய் ஆக்‌ஷன் வழியாக இறங்கித் தலையின் வெட்டுமுகத்தில் ஊறி, மரம் கசிவு கண்ட ரொட்டிபோல் ஆகிவிடும். சுடும்போது ஆக்‌ஷன் பின்னால் வந்து மோதுவது அந்த வெட்டுமுகத்தில். அது குழைந்தால் ஆக்‌ஷன் பின்னுக்கு நகர்ந்து, அதன் பின்னால் நீளும் மேல்வால் பட்டையின் நுனி ஆப்பு மாதிரி கழுத்துக்குள் இறங்கும். கழுத்து பிளக்கும். தகடு சுற்றியவர் பிளவைத்தான் கட்டினார், ஆப்பு அங்கேயே இருக்கிறது.

முறிவு மட்டும் என்றால் ஒட்டிவிடலாம் என்று சொல்லியிருப்பேன். தலை ஊறியிருப்பதும் தோள்பக்கம் கரையான் தின்றதும் சேர்ந்ததால் புதுக் கட்டைதான். ஆனால் பழையதை ஒரு துண்டு விடாமல் எடுத்து வையுங்கள். இரண்டு காரணம். விலை மதிப்பில் அசல் கட்டை உடைந்திருந்தாலும் கூட இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அளவு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

தகட்டைக் கழற்றி, முறிவை ஒட்டாமல் டேப் போட்டுச் சேர்த்து, ஆக்‌ஷனில் பொருத்திக்கொண்டு இவற்றை எடுங்கள். முன் விசையிலிருந்து (டிரிக்கர்) தோள்பக்கத்தின் நடு, மேல்முனை, கீழ்முனை மூன்றுக்கும் தூரம். இரண்டு குழலுக்கும் நடுவே ஓடும் மேல் ரிப்பில் நேர்கோல் ஒன்றைப் பின்னால் நீட்டி வைத்து, கன்னம் படும் மேட்டின் தொடக்கத்தில் எவ்வளவு இறக்கம், தோள் மேல்முனையில் எவ்வளவு இறக்கம். பிறகு மேலிருந்து பார்த்து, குழலின் நடுக்கோட்டிலிருந்து தோள்பக்கம் வலப்புறம் எவ்வளவு விலகியிருக்கிறது. இந்தக் காலத்துத் துப்பாக்கிகளில் நீளம் 14 முதல் 14½ அங்குலம், மேட்டில் இறக்கம் 1½ முதல் 1¾, மேல்முனையில் 2½-ஐத் தாண்டியும் இருக்கும், விலகல் 5 மி.மீ. அளவில். கழுத்தின் சுற்றளவை மூன்று இடத்தில் நூல் சுற்றி அளந்து வையுங்கள். எல்லாரும் மறப்பது இதைத்தான், புதுக் கட்டை கையில் உலக்கையாகத் தெரிவதும் இதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. கட்டைக்குக் கொடுக்கும்போது "அப்படியே குழலையும் கருப்பு ஏத்தித் தர்றேன்" என்று யாராவது சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுங்கள். காரத்தில் கொதிக்கவைக்கும் புளூயிங் டமாஸ்கஸ் கோலத்தையும் அழிக்கும், ரிப்பை ஒட்டிய ஈயப் பற்றையும் தின்றுவிடும்.

ஏலகிரிமரம்:

மரத்துக்கு வருகிறேன். உத்தரத்துத் தேக்கு நூறு வருடம் காய்ந்தது, சந்தேகமில்லை, ஆனால் இந்த வேலைக்கு நான் எடுக்க மாட்டேன். தேக்கு வெயிலுக்கும் மழைக்கும் அசையாத மரம், அதிர்ச்சி தாங்கும் மரமில்லை. நார் வழியாகச் சுலபமாகப் பிளக்கும். மெல்லிய ஓரங்களில் உதிரும், லாக் (குதிரையை இயக்கும் பொறி) தகடு உட்காரும் இடத்தில் ஓரம் 3 மி.மீ. கூட இருக்காது. உத்தரத்தில் ஆணித் துளையும் உள்வெடிப்பும் வேறு. இழைத்து முடித்துக் கழுத்தை வெட்டும்போதுதான் வெடிப்பு தெரியும்.

முதல் தேர்வு வால்நட். காஷ்மீரத்து வால்நட் ரசீதோடு கிடைத்தால் வேறெதையும் பார்க்காதீர்கள். உளிக்கு வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும், ஓரம் உடையாது, கனமும் அளவு. பர்மிங்காம்காரன் போட்டதும் அதுதான். முன்கட்டை பழசாக நிற்கப் போவதால் இரண்டும் நிறம் சேரவும் அதுவே நல்லது.

கிடைக்காவிட்டால் சிசு மரம், ஷீஷம் என்பார்களே அது. கொஞ்சம் கனம் கூடுதல், ஆனால் உறுதி. வைரப்பகுதி மட்டும் எடுக்க வேண்டும், வெளுத்த ஓரத்தை உளுத்துவண்டு விடாது. ஈட்டி மரம் (ரோஸ்வுட்) அழகுதான், கனம்தான் சிக்கல். செதுக்கி முடித்த பின்கட்டை வால்நட்டில் 700 கிராம் சுமாருக்கு வந்தால் அதே அளவு ஈட்டியில் 900-ஐத் தாண்டும். எடை பின்னால் போய்க் குழல் மேலே தூக்கிக்கொள்ளும். தோள்பக்கத்திலிருந்து 20 மி.மீ. துளை இறக்கி எடை குறைப்பார்கள், தோள் தகடு மூடிவிடும், தெரியாது. ஈட்டி என்றால் பழைய சாமானில் வந்ததா, ரசீது உண்டா என்று பார்த்து வாங்குங்கள். தமிழ்நாட்டில் ஈட்டி மரப் பாதுகாப்புக்கென்றே 1994-ஆம் வருடச் சட்டம் ஒன்று போட்டார்கள், பட்டா நிலத்து மரத்துக்கும் அது அனுமதி கேட்டது.

செம்மரம் என்று யாராவது காதில் ஓதினால், நம் மாவட்டத்தில் அதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. பக்கமே போகாதீர்கள்.

பலகை அளவு: நீளம் 18 அங்குலம், தடிமன் 2½, தோள்பக்க அகலம் 6½ முதல் 7. வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள். அட்டை மாதிரியைப் பலகைமேல் வைத்து, கழுத்து வரும் இடத்தில் நார் கழுத்தின் போக்கிலேயே முன்னிருந்து பின்னாக ஓடுகிறதா? பலகையின் பக்கவாட்டில் மட்டும் பார்த்தால் போதாது, மேல் விளிம்பிலும் பார்க்க வேண்டும். அங்கே நார் குறுக்காக வெளியே ஓடினால் எவ்வளவு அழகான ரேகையானாலும் கழுத்து முறியும். சுழி, கோலம் எல்லாம் தோள்பக்கத்தில் இருந்துகொள்ளட்டும். பழைய கட்டையின் முறிவும் சாய்வாகப் போகிறது என்றீர்கள், நார் அப்படித்தான் ஓடியிருக்கும்.

உளிச்சத்தம்:

தேக்கு விஷயத்தில் ஏலகிரியாருடன் ஒத்துப்போகிறேன், ஆனால் வாங்கிய அன்றே வால்நட்டில் உளி வைத்துவிடாதீர்கள். காஷ்மீரத்தில் காய்ந்த மரம் வேலூர்க் காற்றுக்குக் காய்ந்ததில்லை. அங்குலத்துக்கு ஒரு வருடம் என்ற கணக்கில் காய்ந்த பலகையானாலும், வந்த பிறகு துப்பாக்கி வைக்கும் அதே அறையில் கிடக்க வேண்டும். இரண்டு வெட்டுமுனையிலும் மெழுகோ பெயிண்டோ பூசி, பலசரக்குக் கடைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதுங்கள். எடை இறங்குவது நின்று நாலைந்து வாரம் ஒரே அளவில் நின்றால் மரம் தயார்.

எந்த மாதத்தில் பொருத்துவது என்பதும் விஷயம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் இறுக்கமாகப் பொருத்தினால் அக்னி நட்சத்திரத்தில் மரம் சுருங்கி, ஸ்க்ரூ தளர்ந்து, லாக் தகட்டைச் சுற்றி இடைவெளி விழும். அக்னியில் பொருத்தினால் மழையில் ஊதி, லாக்கை வெளியே எடுக்க முடியாமல் கவ்விக்கொள்ளும், இழுத்தால் ஓரம் பெயரும். தை, மாசி நடுத்தரமான பதம். அவசரம் இல்லாத வேலை, காத்திருங்கள்.

கவுண்டின்யா:

எல்லாருக்கும் நன்றி. டீலர் ஒருவர் தன் கடையிலேயே வைத்துச் செய்யச் சம்மதித்தார், ரசீதும் தந்துவிடுவார். அவரிடம் உள்ள மிஸ்திரி கட்டை ஒட்டியிருக்கிறார், முழுதாக ஒன்று செதுக்கியதில்லை போலிருக்கிறது. "எபாக்சி ஊத்தி உட்கார வச்சிடலாம்" என்கிறார். சரியா? "என்பி" முத்திரை இல்லை, தேடிப் பார்த்தேன்.

இருகுழல்:

எபாக்சி கடைசித் துணை, முதல் வழியில்லை. மரத்தை மரமாகவே உட்கார வைக்க வேண்டும். இந்த வயதுத் துப்பாக்கியில் எபாக்சி ஊற்றினால் அடுத்தமுறை கழற்றும்போது அது ஓரத்தையும் சேர்த்துக்கொண்டு வரும். மிஸ்திரியிடம் வரிசையைச் சொல்லிவிடுங்கள், உளி பிடிக்கத் தெரிந்தவர் என்றால் முடியும்.

இரும்பைப் பிரிப்பதிலேயே பாதிப் பேர் கெடுப்பார்கள். இந்த ஸ்க்ரூக்களின் வாய் மிக மெல்லியது, கடையில் வாங்கிய டிரைவர் உட்காராது. பழைய டிரைவர் ஒன்றின் நுனியைப் பக்கவாட்டில் இணையாகத் தேய்த்து ஒவ்வொரு வாய்க்கும் சரியாக அமைத்துக்கொள்ள வேண்டும். அட்டையில் துப்பாக்கியின் படம் வரைந்து அந்தந்த இடத்தில் ஸ்க்ரூவைக் குத்தி வையுங்கள், ஒன்றின் மறை மற்றதற்குச் சேராது. லாக்கின் மெயின்ஸ்பிரிங்கைக் குறட்டால் பிடித்து எடுக்கக் கூடாது. அதற்கென்று உள்ள கவ்வியில் அழுத்தித்தான் கழற்ற வேண்டும். நூற்று நாற்பது வருட ஸ்பிரிங், விரிசல் விட்டால் புதிதாக அடிப்பவர் இன்று அரிது.

மரத்தில் முதல் வேலை நடுக்கோடு. மேல், கீழ், தலை, தோள் நாலு முகத்திலும் கூரான பென்சிலால் ஒரே கோடு சுற்றி வர வேண்டும். வலப்பக்க விலகல் இந்தக் கோட்டிலேயே வந்துவிட வேண்டும், பின்னால் இழைத்துக் கொண்டுவர முடியாது. பலகையின் இரண்டு பக்கமும் தட்டையாக, இணையாக அப்படியே இருக்கட்டும். உள்வெட்டு முழுவதும் முடிகிற வரை வெளி உருவத்தில் கை வைக்கக் கூடாது. மட்டம் பார்க்கவும் வைஸில் பிடிக்கவும் அந்தத் தட்டை முகங்கள்தான் ஆதாரம். ஆசாரி ஆசைப்பட்டு முதலிலேயே கழுத்தைச் செதுக்கிவிட்டால் எல்லாம் போச்சு.

அடுத்து தலை. ஆக்‌ஷனின் பின்முகத்தை மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் காட்டினால் மெல்லிய கரி படியும். மரத்தில் நேராக அழுத்தி, கொட்டாப்புளியால் ஒரு தட்டுத் தட்டி, ஆட்டாமல் நேராக வெளியே எடுக்க வேண்டும். கரி ஒட்டிய புள்ளிகள் மட்டுமே உயரமானவை. அதை மட்டும் உளியால் சுரண்டி, மறுபடி கரி, மறுபடி தட்டு. முதலில் இரண்டு மூன்று இடத்தில் ஒட்டும், பிறகு பரவும். கடைசிப் பத்துப் பதினைந்து முறை சுரண்டலில் வருவது தூசிதான். தலை முகம் முழுவதும் ஒரே சீராகக் கரி ஒட்டும்வரை விடக்கூடாது, இரண்டு பக்கமும் சமமாக. ஒரு பக்கம் மட்டும் பட்டால் சுடும்போது அந்தப் பக்கத்து மரம் சில்லாகப் பெயரும். பட்டறைகளில் உள்ள நீலப் பேஸ்ட் வேண்டாம், வால்நட்டின் துளைகளில் ஏறிக்கொண்டால் போகாது, எது புதுக் குறி எது பழைய கறை என்றும் தெரியாது.

தலை உட்கார உட்கார மேல்வால் பட்டையும் இறங்கும். அதன் பள்ளம் பக்கங்களில் மயிர் நுழையாத இறுக்கம், ஆனால் பட்டையின் பின்நுனிக்குப் பின்னால் அரை மி.மீ. காலி இருக்க வேண்டும். அழகுக்காக அதையும் அடைத்துப் பொருத்துகிறவர்கள்தான் அதிகம். நுனி மரத்தைத் தொட்டால் உங்கள் பழைய கட்டைக்கு நடந்ததே புதியதுக்கும் நடக்கும். தலை முகம் உதையை வாங்க வேண்டும், வால் நுனி வாங்கக் கூடாது.

அப்புறம் கீழிருந்து, விசைகளைத் தாங்கும் டிரிக்கர் பிளேட். மேல்வாலையும் இதையும் கட்டும் நீள ஸ்க்ரூவுக்குத் துளையைப் பாதி மேலிருந்தும் பாதி கீழிருந்தும் போட்டு நடுவில் சந்திக்க வைப்பது பத்திரம், ஒரே பக்கமிருந்து போட்டால் துரப்பணம் நாரோடு ஓடும். துளை ஸ்க்ரூவைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். ஸ்க்ரூவின் தண்டு மரத்தைத் தொட்டால் அதுவும் ஆப்புதான்.

லாக்குகளுக்கு முதலில் வெறும் தகடு. உள் உறுப்பெல்லாம் கழற்றி, தகட்டின் ஓரத்தைக் கரி வைத்து இறக்கிய பிறகு, ஒவ்வொரு உறுப்பாகச் சேர்த்து அது அசையும் இடத்துக்கு மட்டும் மரம் எடுக்க வேண்டும். ஒரேயடியாகக் குழி தோண்டிவிடுவது சுலபம், ஆனால் இரண்டு லாக்குக்கும் நடுவில் நிற்கும் மரச்சுவர்தான் கழுத்தின் உயிர். மெயின்ஸ்பிரிங் மரத்தைத் தொடாமல் சுற்றிலும் 1 மி.மீ. இருந்தால் போதும். குதிரையை ஏற்றி இறக்கும்போது உள்ளே உரசும் சத்தம் கேட்டால் தொடுகிறது.

உளிச்சத்தம்:

அடுத்து விசைக்கும் சியருக்கும் (ஏற்றிய குதிரையைப் பிடித்து நிறுத்தும் கொக்கி) நடுவே இருக்கும் இடைவெளி. கட்டை மாற்றியதில் ஆபத்து வருவது இங்கேதான், இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

சியரின் வால் லாக்கோடு பக்கவாட்டிலிருந்து வருகிறது. அதைத் தூக்கும் விசையின் அலகு டிரிக்கர் பிளேட்டோடு கீழிருந்து வருகிறது. இரண்டையும் சேர்ப்பது மரம்தான். மரத்தில் பிளேட் ஒரு நூல் ஆழமாக இறங்கினால், அல்லது நீள ஸ்க்ரூவை முறுக்கி முறுக்கி மரம் நசுங்கினால், அலகு மேலேறிச் சியரை எப்போதும் லேசாகத் தூக்கியபடி நிற்கும். குதிரை முழுதாக ஏறி நின்றதுபோலத் தெரியும், ஆனால் நுனியில்தான் நிற்கும். தரையில் தட்டினாலே விழும்.

எல்லாம் பூட்டிய பிறகு குதிரை இறங்கிய நிலை, பாதி நிலை, முழு நிலை மூன்றிலும் விசை சற்று லொடலொடவென்று ஆட வேண்டும், தபால் கார்டு தடிமன் அளவுக்கு. ஆடவில்லை என்றால் அலகைத் தேய்க்காதீர்கள். பிளேட்டுக்குக் கீழ் மரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆழமாகப் போயிருந்தால் அதே வால்நட்டில் மெல்லிய சீவல் ஒன்றை ஒட்டி மறுபடி இறக்கலாம். இந்தச் சோதனையைக் குழலில் தோட்டா இல்லாமல், ஸ்னாப் கேப் (மருந்தில்லாத போலித் தோட்டா) போட்டு, பொருத்திய அன்றும், ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழிந்த பிறகும் செய்ய வேண்டும்.

ஏலகிரிமரம்:

வெளி உருவம், பூச்சு பற்றிக் கொஞ்சம்.

வெளியே இழைக்கும்போது இரும்பைச் சுற்றி மரம் அரை மி.மீ. உயர்ந்தே நிற்கட்டும், மரம் பின்னால் கொஞ்சம் சுருங்கும். உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்த்தால் ஓரங்கள் மழுங்கிச் சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும், பின்னால் ஒரு கட்டை வைத்துத் தேயுங்கள். 240, 320, 400 என்று போங்கள். நடுவே இரண்டு மூன்று முறை ஈரத்துணியால் துடைத்து, அடுப்பு வெப்பத்தில் காட்டினால் நார் முடி எழும், அதைச் சீவினால்தான் பூச்சு வழவழப்பாக நிற்கும்.

பூச்சுக்கு டபுள் பாயில்ட் லின்சீட் ஆயில். பாலியூரித்தேன் வேண்டாம், முன்கட்டையோடு சேராது, கீறினால் திருத்தவும் முடியாது. பழைய பர்மிங்காம் கட்டைகளில் தெரியும் செம்பழுப்புக்கு அங்கே அல்கனெட் வேரை எண்ணெயில் ஊறவைப்பார்கள். நமக்கு நாட்டு மருந்துக் கடையில் வேம்பாளம்பட்டை கிடைக்கிறது, தலைக்கு எண்ணெய் காய்ச்சுகிற அதே பட்டை. எண்ணெயில் ஊறவைத்தால் ரத்தச் சிவப்பு இறங்கும். கழிவுத் துண்டில் பூசி, காய்ந்த பிறகு முன்கட்டையோடு வைத்து நிறம் பாருங்கள். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

ஒரு தடவைக்குச் சில சொட்டுதான், உள்ளங்கையால் சூடேறத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். பிசுபிசுப்பு போனபிறகே அடுத்தது. தை மாதத்தில் ஒரு நாள், மழையில் மூன்று நாள் ஆகும். முக்கியமாக உள்வெட்டுகளுக்கும் தலை முகத்துக்கும் தோள்பக்க வெட்டுமுகத்துக்கும் பூச மறக்காதீர்கள். வெளியே பத்துக் கை பூசி, உள்ளே பச்சை மரமாக விட்டால் ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும். உள்ளே மெல்லியதாக இரண்டு கை போதும், தடித்தால் இறுக்கம் மாறிவிடும்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். மிகைப்படுத்தவில்லை, லின்சீட் காயும்போது வெப்பம் விடும். விரித்துக் கொடியில் உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் முக்கிப் போடுங்கள். துப்பாக்கிக் கடைக்குள் இது நடப்பதால் மிஸ்திரியிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

கழுத்தில் கட்டம் வெட்டும் வேலையைப் பழைய கட்டையிலிருந்து அப்படியே எடுக்கலாம். காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எல்லைக்கோடும் ஒரு அங்குலத்தில் எத்தனை வரி என்பதும் பதிந்துவிடும். பெரும்பாலும் 20 முதல் 24. வெட்டத் தெரிந்தவர் இல்லையென்றால் வெட்டாமல் விடுவது மேல்.

கவுண்டின்யா:

மிஸ்திரி கரி வைத்துச் செய்ய ஒப்புக்கொண்டார். தோள் தகடு கொம்பு, கரையான் தொடவில்லை, ஆனால் ஒரு மூலை சுருண்டு தூக்கியிருக்கிறது. அதையே போடலாமா, ஆம்பூரில் தோல் வாங்கி மெத்தை வைக்கலாமா? இன்னொன்று, தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், அங்கே மாதக்கணக்கில் கிடந்தால் புதுக் கட்டை என்ன ஆகும்?

இருகுழல்:

கொம்புத் தகட்டையே போடுங்கள். கொதிக்காத சூட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறினால் வளையும், இரண்டு தட்டைப் பலகைக்கு நடுவே இறுக்கிப் பிடித்து முழுதாக உலரவிடுங்கள். தகட்டை வைத்து மரத்தைச் சீவ வேண்டும், மரத்துக்காகத் தகட்டைத் தேய்க்கக் கூடாது. தோல் மெத்தை வைத்தால் நீளம் ஒரு அங்குலத்துக்குக் கிட்டக் கூடும், அந்த அளவுக்கு மரத்தை வெட்ட வேண்டியிருக்கும். வெட்டிய மரம் திரும்பாது.

ஸ்டேஷனில் ஒப்படைப்பதற்குப் பதில் ஆர்ம்ஸ் டீலரிடம் வைக்க ஏற்கிறார்களா என்று உத்தரவு வந்ததும் கேளுங்கள். எங்கே வைத்தாலும் மூன்று விஷயம். உறையில் போட்டுக் கொடுக்காதீர்கள், தோல் உறையும் கான்வாஸ் உறையும் ஈரத்தைப் பிடித்து வைக்கும், இரும்பு துரு ஏறும். தரையிலும் சுவரிலும் படாமல் மரச்சட்டத்தில் நிறுத்தச் சொல்லுங்கள், கரையான் வருவது அந்த வழியாகத்தான். கொடுப்பதற்கு முன் குழலில் உள்ள எண்ணெயைத் துடைத்து எடுத்து, மிக மெல்லிய படலம் மட்டும் விடுங்கள். குழல் வாய் கீழாக நிறுத்த ஒப்புக்கொண்டால் இன்னும் நல்லது, மிச்ச எண்ணெய் தலைக்குள் இறங்காது.

திரும்ப வாங்கியதும் நீள ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். முதலில் உளிச்சத்தம் சொன்ன விசைச் சோதனை. ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் வாய் பழைய கோட்டுக்கு வரும்வரை மட்டும் திருப்புங்கள். மிஸ்திரி முதலில் பூட்டியபோது வாய் எந்தத் திசையில் நின்றது என்று ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் சந்தேகமே வராது.